மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்த வீட்டுச்சாமி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு திருவிழாக் கூட்டத்தில் கை நழுவித் தொலைந்தவர்கள் என்று நான் மனதார நம்பினேன். நாம் இந்தப் பக்கம் தேடினால் அந்தப் பக்கம் ஒரு தாய் வாசலைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருப்பாள். நான் போய்ச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. கட்டிப்பிடித்து அழுவார்கள், சொந்தக்காரர்கள் கூடுவார்கள், எனக்கு ஒரு காபி வரும். இத்தனைக்கும் நான் அப்போது பால் மணம் மாறாதவன் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வருஷக்கணக்காக நட்டிலும் போல்ட்டிலும் குறை கண்டுபிடித்து, விருப்ப ஓய்வு வாங்கியவன். விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள்.

ஓய்வு வாங்கிய கையோடு, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த நம் அலுவலகத்தில் சேர்ந்தேன். இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிறந்த ஊரையும் சொந்தத்தையும் தேடிக் கொடுக்கும் வேலை. நடத்தியவர் ஒரு மேடம். பெயர் வேண்டாம், தன்னைப் பற்றி யாராவது எழுதினால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பும் ரகம். சேர்ந்த அன்று அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"நீங்க கண்டுபிடிக்கிறது அவங்களோடது. உங்களோடது இல்ல."

புரிந்தமாதிரி தலையாட்டினேன். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு, தொழிற்சாலையில் எத்தனை மீட்டிங் பார்த்தவன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு நாள் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியிலிருந்து சரோஜம்மா வந்தார். அறுபதை நெருங்கும் வயது. கர்நாடகப் பக்கம் ஒரு இல்லத்தில் வளர்ந்து, அங்கேயே ஆயாவாக வேலை பார்த்து, மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் கூடவே வந்தவர். பாதி வாக்கியம் தமிழிலும் மீதி கன்னடத்திலும் பேசுவார். கூட வந்த மகன் மஞ்சுநாத் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அம்மாவைக் கூட்டிவந்தானே தவிர அவனுக்கு இதில் இஷ்டமே இல்லை.

"சார், இப்ப ரூட் காஸ் தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்? ப்ராசஸ் நல்லாத்தானே ஓடிட்டிருக்கு" என்றான்.

"நீ சும்மா இருடா" என்று அவனை அடக்கிவிட்டு, சரோஜம்மா தனக்கு நினைவிருந்ததைச் சொன்னார். நாகரசம்பட்டி சந்தை. வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு மாமரம். ஊருக்கு மேற்கே யானை படுத்திருப்பது போல ஒரு பாறை. அண்ணன் பெயர் மாது. தன்னைச் சின்னப்பொண்ணு என்று கூப்பிடுவார்கள். பிறகு பஞ்சம், எல்லோரும் லாரியில் ஏறிக் கன்னட நாட்டுக்கு ரோடு வேலைக்குப் போனது. கடைசியாக, அம்மா தன்னை ஒரு கல்லின் மேல் உட்கார வைத்துவிட்டுப் போனது.

"அதுக்கப்புறம் ஞாபகம் இல்ல சார். உக்காந்திருந்தேன். அவ்வளவுதான் ஞாபகம். எனக்கு ஒரே கேள்வி. அவங்க என்னைத் தொலைச்சாங்களா, விட்டுட்டுப் போனாங்களா? அஷ்டே, அவ்வளவுதான். வேற ஏதும் பேடா, வேணாம்."

இங்கேதான் உங்கள் சீனியர் தன் முத்திரையைப் பதித்தார். "என்னம்மா கேள்வி இது? தொலைஞ்சுதான் போயிருப்பீங்க. எந்த அம்மாவாவது பெத்த புள்ளையை விட்டுட்டுப் போவாளா?" என்று சொல்லிவிட்டேன். தேடலே ஆரம்பிக்கவில்லை, முடிவு அறிவித்தாயிற்று. சரக்கு வருவதற்கு முன்பே 'பாஸ்' முத்திரை குத்தியது போல. மேடம் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல், "வாயில போட ஏதாவது வாங்கிட்டு வாங்களேன், கீழ பேக்கரிதானே" என்றார். யார் வாயில் போட என்று சொல்லவில்லை.

இல்லத்துக் காகிதத்தில் 'பெற்றோர் விவரம் தெரியவில்லை' என்பதற்கு மேல் ஒரு எழுத்தும் இல்லை. ஆகவே நேரில் கிளம்பினேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் யானை மாதிரி இருக்கும் பாறையைத் தேடுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. யானை மாதிரி இல்லாத பாறையைக் காட்டுகிறவருக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும். மாது என்ற பெயரோ அதைவிட வசதி. அந்தப் பக்கம் ஓடும் பஸ்ஸில் "மாது!" என்று குரல் கொடுத்தால் பாதி பஸ் திரும்பிப் பார்க்கும், டிரைவர் உட்பட.

நாகரசம்பட்டி சுற்றுவட்டாரத்தில் இரண்டு ஊர் பார்த்துவிட்டு மூன்றாவது ஊருக்குப் போனேன். கவனியுங்கள், போன விதம் முக்கியம். மஞ்சுநாத் தன் நண்பனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்த வெள்ளை ஜீப். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கக்கத்தில் ஃபைல். ஓசூரைச் சுற்றித் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கிறார்கள் என்ற பேச்சு கிராமம் கிராமமாகப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. நான் டீக்கடை முன்னால் இறங்கி, மிகுந்த பணிவோடு, "இந்த ஊர்ல பரம்பரையா நிலம் வச்சிருக்கிற மாதுன்னு ஒருத்தர் இருக்காருங்களா?" என்று கேட்டேன்.

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார். "எந்த சர்வே நம்பருங்க சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. விற்க நினைப்பவர்கள் ஒரு பக்கம், கொடுக்க மாட்டோம் என்பவர்கள் ஒரு பக்கம். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், என்னுது ரோட்டோரம். மொதல்ல என்னுதைப் பாத்துருங்க" என்றார். இன்னொரு அம்மா, கையில் விளக்குமாறு இருந்தது, அது தற்செயலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, "எங்க மாமரத்துல கை வச்சா ஜீப்பு திரும்பிப் போவாது" என்றார்.

"அய்யோ, நான் நிலம் தேடி வரலைங்க. ஆளைத் தேடி வந்தேன்!"

"அல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க. போன மாசம் ஒருத்தரு கோயில் தேடி வந்தேன்னாரு. மறுநாள் சர்வே கல்லு நட்டுட்டுப் போயிட்டாரு."

பயத்தில் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்: ஃபைலைத் திறந்து எல்லோருக்கும் காட்டினேன். உள்ளே என் மனைவி வைத்திருந்த தயிர்சாதப் பொட்டலமும் சரோஜம்மாவின் ஒரு போட்டோவும்தான். தயிர்சாதத்தைப் பார்த்ததும் கூட்டத்துக்கு என் மேல் இருந்த மரியாதை மொத்தமும் போனது. நல்லதாகப் போயிற்று. மரியாதை போனபிறகுதான் மாதுவின் வீட்டுக்கு வழி சொன்னார்கள்.

மாது ஒல்லியான பெரியவர். வீட்டைச் சுற்றி மாந்தோப்பு. நான் உட்கார்ந்து, "உங்களுக்குத் தங்கச்சி யாராவது..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தங்கச்சி கெடையாது" என்றார். கேள்வி முடிவதற்குள்ளேயே பதில். இத்தனை அவசரமாக வரும் பதிலைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும் என்று உங்களுக்கு இப்போது சொல்கிறேன். அன்று நான் சந்தேகப்படவில்லை. தப்பான மாது போலிருக்கிறது, அடுத்த யானைப் பாறைக்குப் போவோம் என்று எழுந்துவிட்டேன்.

அப்போது மோர் கொண்டுவந்தார் அவர் மனைவி முனியம்மா. பேசுவதற்கு ஆள் கிடைக்காத வீடு போல. "எங்கூட்டுக்காரருக்குக் கூடப்பொறந்தது ஒரு தம்பிதாங்க, அவரும் தவறிட்டாரு. பொண்ணுன்னு பாத்தா எங்க சின்னப்பொண்ணு இருக்குதே, அதுதான்" என்று உள்ளறையைக் காட்டினார்.

"யாருங்க சின்னப்பொண்ணு?"

"எங்க வூட்டுச்சாமி."

கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணை வீட்டுச்சாமியாக வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். உள்ளே ஒரு மூங்கில் கூடை உத்தரத்தில் தொங்கியது. அதில் மடித்த துணிகள், கண்ணாடி வளையல், மஞ்சள். ஆடிக்கு ஆடி புதுத்துணி எடுத்துப் படைப்பார்களாம். பெண் பார்க்கப் போவதானாலும், போர்வெல் போடுவதானாலும், சின்னப்பொண்ணிடம் பூக்கேட்டு, உத்தரவு வாங்கித்தான் செய்வார்களாம்.

முனியம்மா கூடையை இறக்கி ஆசையாகக் காட்டினார். "எங்க மாமியா ஆரம்பிச்சு வச்ச வழக்கங்க இது. மொதல்ல சின்னப் பாவாடை. அடுத்த வருசம் அதைவிட ஒரு புடி பெருசு. இப்படியே போயி, அப்புறம் தாவணி, அப்புறம் சீலை. வேற வூட்டுல எல்லாம் ஒரே அளவுதான் வெப்பாங்க. எங்க மாமியா மட்டும் சாகறவரைக்கும், 'எங்கூட்டு சாமி வளரும்டீ'ன்னு சொல்லும்."

நான் வெர்னியர் வைத்து அளந்தே பிழைப்பு நடத்தியவன். வரிசையாக அளவு மாறிய துணிகள் என் கண் முன்னால் கிடந்தன. என் மூளையில் என்ன ஓடியது தெரியுமா? 'அடடா, எவ்வளவு அழகான வழக்கம்.' அவ்வளவுதான் ஓடியது. மீதி இடத்தையெல்லாம் பீதி பிடித்துக்கொண்டிருந்தது. இவர்கள் பூக்கேட்கும் தெய்வம் மூக்கண்டப்பள்ளியில் மாவு அரைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ரேஷன் கார்டு இருக்கிறது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறது, மகன் ஹெல்மெட் போடாமல் போனால் கன்னடத்தில் திட்டுகிறது. இதை நான் எப்படிச் சொல்வது? பின்னால் மாது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மோரைக் குடித்து, புரையேறி, தெய்வத்தின் முன்னாலேயே தும்மி, வெளியே ஓடி வந்தேன்.

தோப்பைத் தாண்டி யானைப் பாறையின் மேல் ஏறினால்தான் செல்போனில் சிக்னல் கிடைத்தது. யானையின் முதுகில் உட்கார்ந்து மேடத்தை அழைத்தேன்.

"மேடம், கிடைச்சுட்டாங்க. ஆனா அவங்க இங்க சாமியா இருக்காங்க. நான் போய் இப்பவே உண்மையைச் சொல்லிடவா?"

"யாரோட உண்மையை?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மொதல்ல வந்து சரோஜம்மாகிட்ட சொல்லுங்க. சாமி அந்த வீட்டுக்குப் போகணுமா வேணாமான்னு சாமிதான் முடிவு பண்ணணும். பூசாரி இல்ல."

இதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். நான் எழுதி வைத்துக்கொண்டேன், தயிர்சாதப் பொட்டலத்தின் மேல்.

ஓசூர் திரும்பி சரோஜம்மாவிடம் சொன்னேன். சிரித்தார் பாருங்கள். "நானு தேவரா? நான் சாமியா? ஏய் மஞ்சு, கேட்டியா? நாளைக்கு நீயே எழுந்து டிபன் பண்ணிக்க, சாமி சமைக்காது!" மஞ்சுநாத்தும் சிரித்தான். நானும் உற்சாகம் தாங்காமல், மிமிக்ரி செய்து, முனியம்மா குரலிலேயே, "மொதல்ல சின்னப் பாவாடை, அடுத்த வருசம் ஒரு புடி பெருசு" என்று எடுத்துவிட்டேன்.

சரோஜம்மாவின் சிரிப்பு நின்றது.

"வருசா வருசம் பெருசா?"

"ஆமாம்மா. சாமி வளரும்னு உங்க அம்மா..."

"செத்த புள்ளை எங்க சார் வளரும்?"

இல்லத்தில் ஆயாவாக எத்தனையோ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அளவு பார்த்துத் துணி எடுத்தவர் அவர். தரக்கட்டுப்பாட்டு நிபுணருக்கு மூளையில் மணி அடித்தது அப்போதுதான்: அளவு கூட்டிக்கூட்டித் துணி எடுத்தவளுக்குப் பிள்ளை சாகவில்லை என்று தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரம் முழுக்க நான் பட்ட அவஸ்தையைச் சொன்னால் உங்களுக்கு என் மேல் மிச்சமிருக்கும் மதிப்பும் போய்விடும். மஞ்சுநாத் தனியாக வந்தான். "சார், தொலைஞ்சுதான் போனாங்கன்னு சொல்லி முடிச்சுடுங்க. அந்தத் துணி விஷயம் சும்மா வழக்கம்னு சொல்லிடுங்க. அம்மா தாங்காது" என்றான். நானும் சரியென்று, வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். திருவிழா, கூட்டம், ராட்டினம், கை நழுவல் எல்லாம் தயார். என் மனைவி எட்டிப் பார்த்து, "அழற மாதிரி சொல்லாதீங்க. பொய்னு தெரியுது" என்றாள். பீதி முற்றி, மாது சொத்துக்குப் பயந்துதான் மறைக்கிறாரோ என்று ஒரு யோசனை வேறு. சரோஜம்மாவுக்குப் பங்கு எதுவும் வேண்டாம் என்று முத்திரைத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

சரோஜம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "கேக்கவே இல்லாததை எதுக்கு சார் வேணாம்னு எழுதணும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஆடிப் படையலுக்குத்தானே துணி வெப்பாங்க? அன்னிக்குப் போலாம்."

திருவிழாக் கதையை மேடத்திடம் சொல்லிப் பார்த்தேன். முழுவதும் கேட்டார். "ராட்டினம் நல்லா இருக்கு" என்றார். "ஆனா கேள்வி அவங்க அண்ணனுக்கு. உங்களுக்கு இல்ல. கூட்டிட்டுப் போய் விட்டுட்டு, வாயை மூடிட்டு நில்லுங்க. உங்களால முடியும். கஷ்டம்தான்."

இந்த முறை ஜீப் இல்லை, ஃபைல் இல்லை. பஸ்ஸில் போய் இறங்கினோம். மாது வீட்டில் படையல் போட்டிருந்தார்கள். தலைவாழை இலையில் கொழுக்கட்டை, பொங்கல், அறுத்து அடுக்கிய நீலம் மாம்பழம். பக்கத்தில் ஒரு புதுச் சீலை. சரோஜம்மா வாசற்படியில் நின்று இலையையே பார்த்தார். முனியம்மா, "வாங்க சார், யாருங்க இந்த அம்மா?" என்றார். என் நாக்கின் நுனியில் முழுப் பிரசங்கமும் வந்து நின்றது. பல்லைக் கடித்தேன். உண்மையாகவே கடித்தேன், ஒரு பல் அப்புறம் பல நாள் வலித்தது.

சரோஜம்மா மாதுவைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு மாம்பழம் புடிக்காதே. வாயெல்லாம் புண்ணாவும்னு உனக்குத்தானே குடுப்பேன்."

மாது அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "தெரியும்" என்றார். "நான் திங்கறதுக்குத்தான் வெச்சேன்."

முனியம்மாவுக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரமானது. பிடிபட்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்து, அவருக்கு மிக அவசரமாகத் தெரிய வேண்டியிருந்ததைக் கேட்டார். "அண்ணி! உங்க அண்ணனைப் பத்தி இத்தன வருசமா நான் அழுது சொன்னதெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

"ஒண்ணும் கேக்கல. இப்ப சொல்லு" என்றார் தெய்வம்.

நான் சிரித்துவிட்டேன். மாது சிரிக்கவில்லை. தங்கச்சி தன் எதிரில் வந்து உட்காரும்வரை காத்திருந்தார். சரோஜம்மா சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"என்னைத் தொலைச்சீங்களா, விட்டீங்களா?"

அந்த நொடியில் நான் தெய்வங்களையெல்லாம் வேண்டிக்கொண்டேன், தொலைச்சோம்னு சொல்லுய்யா என்று. வேண்டிக்கொள்ள வேண்டிய தெய்வமே கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததால் பலிக்கவில்லை.

மாது தரையைப் பார்த்தபடி சொன்னார். "ரோட்டு வேலை நின்னு போச்சு. நான், நீ, கைக்கொழந்தை. கஞ்சிக்கு வழியில்ல. அங்க ஒரு அநாதை இல்லம் இருந்துச்சு. அதுல புள்ளைங்க வரிசையா உக்காந்து சோறு திங்கறதை அம்மா வேலிக்கு வெளியில நின்னு தெனமும் பாத்துச்சு. என்னை விட்டா வேலைக்கு ஆளில்ல. கைக்கொழந்தை பால் குடிச்சுகிட்டு இருந்துச்சு. உன்னை விட்டுச்சு."

"அப்புறம் வரலையா?"

"ஊருக்கு வந்து, நீ காய்ச்சல்ல செத்துப் போயிட்டதா அம்மா சொல்லுச்சு. புள்ளையை விட்டுட்டு வந்தேன்னு எப்படிச் சொல்லும்? மறுவருசம் மழை பேஞ்சுது. போயி கூட்டிட்டு வரலாம்மான்னேன். 'கருமாதி பண்ணி, சாமியாவும் வெச்சாச்சு. ஊரே கும்பிட்டுட்டுப் போவுது. இப்ப போயி எப்படிடா கூட்டிட்டு வர்றது?'ன்னு என்னை அடிச்சுது. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு. அந்த ஆடியில இருந்துதான் பாவாடை பெருசாச்சு."

என் வாழ்நாளில் எனக்கு ஒரு நகைச்சுவைகூடத் தோன்றாத சில நிமிஷங்களில் அது ஒன்று.

சரோஜம்மா இலையை இழுத்துத் தன் முன்னால் போட்டுக்கொண்டார். மாம்பழத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அண்ணன் கையில் வைத்தார். கொழுக்கட்டையைச் சாப்பிட்டார். முனியம்மா கொடுத்த புதுச் சீலையைப் பிரித்து நீளம் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார். சாயங்கால பஸ்ஸில் ஏறிய பிறகு, ஜன்னலோரம் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

"நீங்க அன்னிக்கே தொலைஞ்சுதான் போயிருப்பீங்கன்னு சொன்னீங்க இல்ல சார்? அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். அதுக்கு தேங்க்ஸ். ஆனா இனிமே வேற யாருக்கும் அப்படிச் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள் என்கிறேன்.

சரோஜம்மா எந்தக் கூட்டத்திலும் தொலையவில்லை. அவர் அம்மா அவரை ஒரு இல்லத்தின் வாசலில், கல்லின் மேல் உட்கார வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.